நாய் நக்கினால் புண் ஆறுமா?

நேற்று மாலை வரை வாசலில் துள்ளிக் குதித்துக்கொண்டிருந்த நாய், இன்று காலையில் எழுந்திருக்க மனமில்லாமல் ஒரு மூலையில் சுருண்டு கிடக்கிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வாலை மட்டும் லேசாக ஆட்டுகிறது. உடனே தலையைப் பின்னால் திருப்பி, வாலின் அடிப்பகுதியை விடாமல் நக்குகிறது. நக்கிக்கொண்டே இருக்கும்போது திடீரென்று முன்பற்களால் வறவறவென்று கொறிக்கிறது. அருகில் போய்ப் பார்க்கிறீர்கள். அந்த இடத்தில் ரோமம் நனைந்து, பசை தடவியதுபோல ஒட்டிக் கிடக்கிறது; ஒருவகைத் துர்நாற்றமும் வீசுகிறது. ரோமத்தை விலக்கினால் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்து, செக்கச் செவேலென்று நீர் கசியும் புண்! நேற்று இரவு சோறு வைத்தபோது அது அங்கே இல்லை என்பது உங்களுக்கு நிச்சயமாகத் தெரியும். பிறகு எப்போது வந்தது?

வீட்டில் பெரியவர்கள் இருந்தால், "அதை அப்படியே விட்டுவிடு. நாய் நக்கியே ஆற்றிக்கொள்ளும்" என்பார்கள். இந்த நம்பிக்கை நம் நாட்டில் மட்டுமல்ல, உலகின் பல பகுதிகளிலும் நெடுங்காலமாக இருந்து வருவது. முழுப் பொய் என்று அதைத் தள்ளிவிடவும் முடியாது. ஆனால் நாம் மேலே கண்ட புண்ணைப் பொறுத்தவரையில் உண்மை தலைகீழாக இருக்கிறது. நாய் இந்தப் புண்ணை நக்கி ஆற்றுவதில்லை. நக்கியும் கடித்தும்தான் அதை உண்டாக்கவே செய்கிறது.

கால்நடை மருத்துவர்கள் இதைக் கடும் ஈரத் தோல் அழற்சி என்பார்கள். நாய் வளர்ப்போர் நடுவில் 'ஹாட் ஸ்பாட்', அதாவது சூடான இடம், என்ற பெயரே வழங்குகிறது. பெயர் பொருத்தமானதே. புறங்கையை அருகில் வைத்துப் பார்த்தால் அந்த இடத்தின் வெப்பம் தெரியும்.

ஓர் இரவில் நடப்பது என்ன?

முதலில் நாயின் தோலைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். நாய்க்குத் தடித்த தோல் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் தடித்திருப்பது அதன் ரோமப் போர்வைதான். ரோமம் அடர்ந்த பகுதிகளில் நாயின் மேல்தோலில் உயிருள்ள செல்லடுக்குகள் மூன்று முதல் ஐந்து வரைதான் இருக்கும். நம் மேல்தோலில் பத்துக்கும் மேல் உண்டு. மேலும், மனிதத் தோலின் மேற்பரப்பு சற்று அமிலத்தன்மை உடையது. அந்த அமிலமே பல கிருமிகளுக்கு ஒரு தடையாக நிற்கிறது. நாயின் தோலோ அமிலமும் காரமும் இல்லாத நடுநிலையை ஒட்டியது. ரோமம் என்ற கவசத்தை நம்பி, அதன் அடியில் மெல்லிய மதிலைக் கட்டிக்கொண்ட கோட்டை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இந்தத் தோலில் எங்கோ ஓரிடத்தில் அரிப்பு எடுக்கிறது. ஒரு தெள்ளுப்பூச்சி கடித்திருக்கலாம். காதில் சீழ் பிடித்திருக்கலாம். நாய் அந்த இடத்தைக் கடிக்கிறது, அல்லது பின்னங்காலால் சொறிகிறது. சொறியும்போது உண்டாகும் வலி, அரிப்புணர்ச்சியைச் சிறிது நேரம் அமுக்கிவிடும். கொசு கடித்த இடத்தை நகத்தால் கீறும்போது நமக்கு ஏற்படும் சுகம் இதுதான். ஆனால் கீறப்பட்ட தோலின் செல்கள் வெறுமனே இருப்பதில்லை. அவை அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்களை வெளிவிடுகின்றன. இரத்தக் குழாய்கள் விரிகின்றன, இடம் சிவந்து சூடேறுகிறது, நீர் கசிகிறது, நரம்பு முனைகள் மேலும் கூர்மை பெறுகின்றன. விளைவு, முன்னைவிட அதிக அரிப்பு! ஆகவே நாய் மேலும் கடிக்கிறது. அரிப்பிலிருந்து கடி, கடியிலிருந்து அரிப்பு என்று இந்தச் சக்கரம் ஒருமுறை சுழலத் தொடங்கிவிட்டால், நாயால் தானாக அதை நிறுத்த முடிவதில்லை. நீங்கள் தூங்கிக்கொண்டிருக்கும் ஆறு மணி நேரம் அதற்குப் போதும்.

இதற்கிடையில் உமிழ்நீரால் ரோமம் ஊறிப்போகிறது. காற்றுப் புகாத அந்த ஈரப் போர்வைக்கு அடியில், நாயின் உடல் வெப்பமான 38 முதல் 39 டிகிரி செல்சியஸில், கசிந்த நீரையும் இறந்த செல்களையும் உணவாகக் கொண்டு பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. ஆய்வுக்கூடத்தில் கிருமிகளை வளர்க்க விஞ்ஞானிகள் வெப்பப் பெட்டியும் ஊட்டக் குழம்பும் வைத்திருப்பார்கள். இங்கே நாய் அவை இரண்டையும் தன் முதுகிலேயே தயாரித்துக் கொடுக்கிறது.

இப்படிப் பெருகும் கிருமிகளில் முக்கியமானது ஸ்டெஃபிலோகாக்கஸ் சூடின்டர்மீடியஸ் என்ற உருண்டை வடிவ பாக்டீரியா. இதன் பெயரில் ஒரு சிறு கதை உண்டு. நாய்த் தோலில் காணப்படும் இந்தக் கிருமியை, 1976-இல் பெயரிடப்பட்ட இன்டர்மீடியஸ் என்ற இனமாகவே நீண்ட காலம் கருதி வந்தனர். 2005-இல் சூடின்டர்மீடியஸ் என்ற தனி இனம் விவரிக்கப்பட்டது. அதன் பிறகே, நாய்களிடம் இருப்பது பெரும்பாலும் இந்தப் புதிய பெயருக்கு உரியது என்பது தெளிவாயிற்று. பெயர் எதுவாயினும், இது வெளியிலிருந்து படையெடுத்து வருவதன்று. நலமாக உள்ள நாயின் வாயிலும் மூக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் அமைதியாகக் குடியிருப்பதுதான். தோல் உடைந்ததும் நாக்கு அதைக் கொண்டுபோய் அங்கே இறக்கிவிடுகிறது.

உமிழ்நீர் மருந்தல்லவா?

இந்த இடத்தில் நீங்கள் ஒரு கேள்வி கேட்கலாம். நாயின் உமிழ்நீரில் கிருமிகளைக் கொல்லும் பொருள்கள் உண்டென்று படித்திருக்கிறோமே, அது பொய்யா?

பொய்யன்று. 1990-இல் அமெரிக்காவில் பெஞ்சமின் ஹார்ட், கேரன் பவல் என்ற இருவர் இதைச் சோதித்து எழுதினார்கள். தாய் நாய் தன் முலைக்காம்புகளையும் குட்டிகளையும் நக்குவதற்கும், காயங்களை நாய்கள் நக்குவதற்கும் பயன் ஏதும் உண்டா என்பதே அவர்கள் கேள்வி. நாயின் உமிழ்நீரைச் சேகரித்துப் பல பாக்டீரியாக்களோடு கலந்து பார்த்தனர். குட்டிகளுக்குப் பெருங்கேடு செய்யும் எஸ்செரிக்கியா கோலியையும், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கேனிஸ் என்ற மற்றொரு கிருமியையும் உமிழ்நீர் கொன்றது. ஆனால் காயங்களில் வழக்கமாகக் காணப்படும் ஸ்டெஃபிலோகாக்கஸ் வகையிடம் அதன் பலன் மிகச் சொற்பமாகவே இருந்தது.

நம் பெரியவர்களின் நம்பிக்கை எங்கே சரி, எங்கே தவறு என்பது இந்த ஒரு சோதனையிலேயே விளங்கிவிடுகிறது பாருங்கள். முள் கீறிய சிறு காயத்தில் ஒட்டிய மண்ணை நாய் நாலு முறை நக்கித் துடைத்துவிட்டுப் போனால் நன்மை உண்டு. ஈரத் தோல் அழற்சியிலோ, இருக்கும் கிருமி உமிழ்நீருக்கு அஞ்சாத வகை; நக்குவதும் நாலு முறையன்று, நானூறு முறை. நாயின் நாக்கு சொரசொரப்பானது. மெல்லிய மேல்தோலை உரித்தெடுக்க அதுவே போதும். பற்கள் எஞ்சியதை முடித்துவிடும்.

எந்த நாய்க்கு வரும்?

எந்த நாய்க்கும் வரலாம். ஆயினும் லேப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்டு, செயின்ட் பெர்னார்டு முதலிய அடர்ந்த உள்மயிர் கொண்ட இனங்களில் அதிகம். கோல்டன் ரெட்ரீவர் இனம் 1868 முதல் ஸ்காட்லாந்தின் மலைப் பகுதியில் ஒரு பிரபுவின் பண்ணையில் உருவாக்கப்பட்டது. சுட்டு வீழ்த்திய பறவைகளைக் குளிர்ந்த நீரில் நீந்தி எடுத்துவரும் வேலை அதற்கு. லேப்ரடாரின் மூதாதையர் வட அட்லாண்டிக் கடலோரம், நியூஃபவுண்ட்லாந்து மீனவர்களோடு இருந்தவை. பனிநீரில் தோல் நனையாமல் காக்கும் இரட்டை மயிர்ப் போர்வையை அணிந்த அந்த நாய்கள்தான் இன்று சென்னையிலும் தூத்துக்குடியிலும், ஐப்பசி அடைமழையிலும் சித்திரைப் புழுக்கத்திலும் நம்மோடு வாழ்கின்றன. ஒருமுறை உள்மயிர் நனைந்துவிட்டால், நம் கடற்கரைக் காற்றின் ஈரப்பதத்தில் அது காய ஒரு நாள்கூட ஆகலாம். மேலே தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும். விரலை உள்ளே விட்டால்தான் ஈரம் தெரியும். குட்டை மயிருடைய நம் சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் நாய்களுக்கு இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. வெளிநாட்டு நாய் வாங்குமுன் நம் ஊர் வெயிலையும் மழையையும் ஒருமுறை எண்ணிப் பார்த்தால் நல்லது என்பது இந்தக் கட்டுரையாளரின் சொந்தக் கருத்து. ஆனால் வாங்கியாகிவிட்டது என்றால் அதைக் காப்பாற்றும் வழியைத்தான் பார்க்க வேண்டும்.

புண் இருக்கும் இடமே துப்பு

ஈரத் தோல் அழற்சி ஒரு நோய் என்பதைவிட, வேறொரு தொல்லையின் விளம்பரப் பலகை என்பதே சரி. அது எங்கே தோன்றியிருக்கிறது என்று கவனித்தால், காரணத்தைப் பெரும்பாலும் ஊகித்துவிடலாம்.

வாலின் அடிப்பகுதி, இடுப்பின் மேற்புறம், தொடையின் பின்புறம் ஆகிய இடங்களில் வந்தால் முதல் சந்தேகம் தெள்ளுப்பூச்சியின் மேல். தெள்ளு கடிக்கும்போது தன் உமிழ்நீரைத் தோலுக்குள் செலுத்துகிறது. சில நாய்களுக்கு அந்த உமிழ்நீரின் புரதங்கள் ஒவ்வாமை. அத்தகைய நாய்க்கு நூறு பூச்சிகள் தேவையில்லை. ஒன்றிரண்டு கடித்தாலே நாள் கணக்கில் அரிக்கும். "எங்கள் நாயிடம் ஒரு பூச்சிகூட இல்லையே" என்று சொல்பவர்கள் ஒரு எளிய சோதனை செய்து பார்க்கலாம். பேன்சீப்பால் நாயின் முதுகை வாரி, சீப்பில் விழும் கருப்புத் துகள்களை நனைத்த வெள்ளைத் துணியில் கொட்டுங்கள். மிளகுத்தூள் போன்ற அந்தத் துகளைச் சுற்றிச் செங்காவி நிறம் பரவினால் அது மண் அன்று. தெள்ளின் எச்சம்; அதாவது உங்கள் நாயின் செரித்த இரத்தம்.

கன்னத்தில், காதுக்குக் கீழே வந்தால் காதைத் தூக்கிப் பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் ஒரு லேப்ரடார் நாய்க்கு ஒரே மழைக்காலத்தில் மூன்று முறை இடது கன்னத்தில் இந்தப் புண் வந்தது. இரண்டு முறை களிம்பு போட்டு ஆற்றினார்கள். மூன்றாம் முறைதான் மருத்துவர் காது மடலைத் தூக்கி, உள்ளே குழல் விளக்கை விட்டுப் பார்த்தார். காதுக் குழாய் முழுவதும் பழுப்பு நிற அழுக்கும் வீக்கமும். நாய் சொறிந்தது கன்னத்தையன்று, காதை. கால் எட்டிய இடம் கன்னமாக இருந்தது, அவ்வளவுதான். காதுக்கு மூன்று வாரம் மருந்து விட்டார்கள். அந்த மழைக்காலத்தில் நாலாவது புண் வரவில்லை.

ஆசனவாயின் அருகே வந்து, நாய் பின்புறத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டும் போனால், அங்குள்ள இரு சிறு சுரப்புப் பைகள் அடைத்துக்கொண்டிருக்கலாம். வயதான நாய்க்கு இடுப்பு மூட்டின் மேல் வந்தால் உள்ளே மூட்டுவலி இருக்கக்கூடும். வலிக்கும் இடத்தையும் நாய் நக்கும். சடைபிடித்த மயிர்க் கற்றையின் அடியில் வந்தால் காரணம் அந்தச் சடையே. இவை எதுவும் இல்லாமல், உடம்பில் இங்கொன்றும் அங்கொன்றுமாக அடிக்கடி வந்தால், உணவு அல்லது தூசி ஒவ்வாமை இருக்கிறதா என்று ஆராய வேண்டியிருக்கும்.

இதையும் பிற தோல் நோய்களையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. படர்தாமரை மெதுவாக, வறண்ட செதில்களோடு, மயிர் உதிர்ந்து வட்டமாகப் பரவும். சொறி உண்ணியால் வரும் சொறிநோய் காது ஓரங்களிலும் முழங்கையிலும் தொடங்கும். வீட்டு மனிதர்களுக்கும் அரிக்க ஆரம்பிக்கும். முன்னங்கால் மணிக்கட்டில் மாதக்கணக்காக நக்கி நக்கித் தடித்துப்போன புண் வேறு வகை. ஈரத் தோல் அழற்சியின் அடையாளம் அதன் வேகம். மணிக்கணக்கில் தோன்றும், ஓரம் தெளிவாகக் கோடு போட்டதுபோல் இருக்கும், ஈரம், நாற்றம், வலி மூன்றும் சேர்ந்திருக்கும்.

பார்த்தவுடன் என்ன செய்யலாம்?

எல்லாவற்றுக்கும் முன், வலியில் இருக்கும் நாய் தன்னை வளர்த்தவரையும் கடிக்கும் என்பதை மறக்கக் கூடாது. மாணவர்கள் தனியாக இதில் இறங்க வேண்டாம். பெரியவர் ஒருவர் நாயைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வாய்க்கட்டு போட்டுக்கொள்வது நல்லது. தப்பித் தவறிக் கடித்துவிட்டால், காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நம் நாய்தானே என்று வெறிநாய்க்கடி ஊசியைத் தள்ளிப்போடுவது மடமை.

முதல் வேலை நாக்கைத் தடுப்பது. மருந்தைவிட இதுதான் முக்கியம். கழுத்தைச் சுற்றிப் புனல்போல் விரிந்து நிற்கும் பிளாஸ்டிக் பட்டை கால்நடை மருந்துக் கடைகளில் கிடைக்கும். 16-ஆம் நூற்றாண்டில் முதலாம் எலிசபெத் அரசி காலத்தவர் கழுத்தில் அணிந்த மடிப்புப் பட்டையை நினைவூட்டுவதால் எலிசபெத் காலர் என்று அதற்குப் பெயர். அதன் விளிம்பு நாயின் மூக்கு நுனியைத் தாண்டி இருக்க வேண்டும். கழுத்துக்கும் பட்டைக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும். போட்டதும் நாய் சுவரில் முட்டிக்கொள்ளும். உங்களைப் பரிதாபமாகப் பார்க்கும். அந்தப் பார்வைக்கு மனம் இளகிக் கழற்றிவிடுபவர்களே அதிகம். பத்து நிமிடம் கழற்றினால் இரண்டு நாள் ஆறியது போய்விடும். சாப்பிடும்போது மட்டும், பக்கத்தில் நின்றுகொண்டு கழற்றலாம்.

இரண்டாவது, மயிரை வெட்டுவது. புண்ணுக்குக் காற்று வேண்டும். கத்தரிக்கோல் வேண்டாம். ஒட்டிப்போன மயிரோடு தோலும் மேலெழும்பி வரும். அதையும் சேர்த்து வெட்டிவிடுவீர்கள். மின்சார மயிர்வெட்டும் கருவியே ஏற்றது. புண்ணின் ஓரத்தோடு நிறுத்தாமல் சுற்றிலும் நல்ல தோல் தெரியும்வரை எடுக்க வேண்டும். மேலே ஒரு ரூபாய் நாணய அளவு தெரிந்த புண், மயிரை எடுத்த பிறகு உள்ளங்கையளவு இருப்பதைக் கண்டு திடுக்கிடுவீர்கள். நாய் தொடவே விடாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். மயக்க ஊசி போட்டு மருத்துவர் செய்யட்டும்.

மூன்றாவது, கழுவி உலர்த்துவது. கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் 9 கிராம், அதாவது ஏறக்குறைய ஒன்றரைத் தேக்கரண்டி, உப்பைக் கரைத்தால் உடல் நீருக்கு ஒத்த உப்புநீர் கிடைக்கும். சுத்தமான துணியை அதில் நனைத்து ஒற்றி ஒற்றி எடுங்கள்; தேய்க்காதீர்கள். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி இதற்கு மிகவும் ஏற்றது. ஆனால் கடையில் கிடைக்கும் கரைசல்கள் பல செறிவுகளில் உள்ளன. எத்தனை மடங்கு நீர் சேர்ப்பது என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். அது கண்ணிலும் காதுக்குள்ளும் படக் கூடாது. கழுவியபின் துணியால் ஒற்றி, மின்விசிறிக் காற்றில் நன்றாகக் காயவிடுங்கள். மேலே கட்டுப் போட வேண்டாம். மூடி வைத்தால் பழைய ஈரப் போர்வையை நாமே மறுபடி போர்த்தியதாகும். முடிந்ததும் உங்கள் கைகளைச் சோப்பால் கழுவுங்கள்.

இனி, செய்யக் கூடாதவை. நம் ஊர்களில் நாய்ப் புண்ணுக்கு மண்ணெண்ணெயும், வண்டியில் மாற்றிய பழைய என்ஜின் எண்ணெயும் தடவுகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. இரண்டும் தோலை எரிக்கும். நாய் நக்கினால் உடலுக்குள்ளும் போகும். ஃபினாயிலும் அப்படியே. சாராய ஸ்பிரிட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் ஆறத் தொடங்கிய செல்களையும் சேர்த்து அழிக்கும். மஞ்சளைக் குழைத்துப் பூசலாமே என்பீர்கள். மஞ்சள் மேல் குற்றமில்லை. குழைக்கும் எண்ணெய்தான் ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கிறது. கெட்டியான களிம்புகளும் அடை அடையாகப் படியும் பவுடர்களும் அதே தவற்றைச் செய்கின்றன. மனிதர்களுக்கான துத்தநாகக் களிம்பை நாய் நக்கித் தின்றால் நஞ்சாகும். வலிக்கிறதே என்று இபுபுரோஃபெனோ டைக்ளோஃபெனாக்கோ கொடுத்தால் குடலில் புண் உண்டாகி இரத்தம் கசியும், சிறுநீரகமும் கெடும். வீட்டு மருந்துப் பெட்டியைப் பூட்டி வைத்துவிடுங்கள்.

மருத்துவரிடம் எப்போது?

புண் சிறியதாக இருந்து, காலர் போட்டு, மயிரை எடுத்து, கழுவிய பிறகு இரண்டு நாளில் மேற்பரப்பு உலர்ந்து பொருக்குத் தட்டினால் சரியான பாதையில் போகிறது என்று பொருள். ஒன்றிரண்டு வாரத்தில் ஆறிவிடும். மயிர் வளர இன்னும் பல வாரங்கள் ஆகும்.

உள்ளங்கையைவிடப் பெரிதானால், கண்ணுக்கோ காதுக்கோ அருகில் இருந்தால், நாய் உண்ண மறுத்தால், காய்ச்சல் இருந்தால், ஒரு நாளில் நிலைமை மாறாவிட்டால் காத்திருக்கக் கூடாது. இன்னொன்றையும் பாருங்கள். பெரிய புண்ணைச் சுற்றியுள்ள நல்ல தோலில் கடுகளவு சிவப்புக் கொப்புளங்கள் தனித்தனியாக இருக்கின்றனவா? 1987-இல் அமெரிக்காவில் இத்தகைய புண்களின் திசுக்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்தவர்கள், வெளியே ஒன்றுபோல் தெரிவது உள்ளே இரு வகை என்று கண்டார்கள். ஒன்றில் அழற்சி மேற்பரப்போடு நின்றுவிடுகிறது. மற்றதில் கிருமிகள் மயிர்க்கால்களுக்குள் ஆழமாக இறங்கிவிடுகின்றன. அந்தச் சிறு கொப்புளங்கள் இரண்டாம் வகையின் அடையாளம். கோல்டன் ரெட்ரீவர், செயின்ட் பெர்னார்டு இனங்களின் இளம் நாய்களில், கன்னத்திலும் கழுத்திலும் இது அதிகம்.

இந்த வேறுபாடு வெறும் ஏட்டறிவு அன்று. ஆழ்ந்த வகைக்கு வாய்வழி ஆன்டிபயாட்டிக் மருந்து பல நாள் தேவைப்படும். மேற்பரப்பு வகைக்குப் பெரும்பாலும் தேவையே இல்லை. அங்கே அரிப்பை அடக்குவதே வைத்தியம். அதற்காக மருத்துவர் சில நாள்களுக்கு ஸ்டீராய்டு மருந்து தரலாம். அல்லது அரிப்புச் செய்தியை நரம்புக்குக் கொண்டுசெல்லும் வேதிப்பொருள்களின் வேலையைத் தடுக்கும் ஒக்லாசிடினிப் போன்ற மருந்தைத் தரலாம். இது 2013-இல் அமெரிக்காவில் நாய்களுக்கு அனுமதிக்கப்பட்டது. சக்கரத்தின் ஓர் ஆரத்தை முறித்தால் சக்கரம் நின்றுவிடுகிறது.

ஆனால் நாம் என்ன செய்கிறோம்? மருந்துக் கடையில் போய், "நாய்க்குப் புண்" என்று சொல்லி நாலு ஆன்டிபயாட்டிக் மாத்திரை வாங்கி, இரண்டைக் கொடுத்துவிட்டு, புண் காய்ந்ததும் நிறுத்திவிடுகிறோம். பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத ஸ்டெஃபிலோகாக்கஸ் சூடின்டர்மீடியஸ் 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் பல நாடுகளின் நாய்களில் பரவிவிட்டது. அத்தகைய கிருமி குடிகொண்ட நாய்க்கு நாளை உண்மையாகவே ஆழ்ந்த புண் வந்தால், மருத்துவர் கையில் எஞ்சியிருக்கும் மருந்துகள் மிகச் சில. நாயோடு வாழும் மனிதருக்கும் இக்கிருமி, அரிதாகவேனும், தொற்றியிருக்கிறது. ஸ்டீராய்டு கலந்த கூட்டுக் களிம்புகளைத் தாமாக வாங்கிப் பூசுவதும் இதே கதைதான். சொறிநோயாக இருந்தால் அது இன்னும் பரவும்.

நம் வெப்ப நாட்டில் மற்றொரு ஆபத்தும் உண்டு. நாற்றமுள்ள ஈரப் புண்ணில் ஈக்கள் வந்து முட்டையிடும். ஒரு நாளுக்குள் அவை பொரித்துப் புழுக்களாகும். நீண்ட மயிருக்கு அடியில் இருந்தால் நம் கண்ணுக்குத் தெரியாமலே புழுக்கள் சதையைத் துளைத்துச் செல்லும். புழு வைத்த புண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு வைத்தியம் பார்க்கக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல வேண்டும்.

மறுபடி வராமலிருக்க

குளிப்பாட்டுவதைவிட உலர்த்துவதில் அக்கறை வேண்டும். துண்டால் துடைத்த பிறகு, மயிரின் போக்குக்கு எதிர்த் திசையில் விரலால் கோதியபடி விசிறிக் காற்றில் நிறுத்துங்கள். காதின் அடி, கழுத்துப் பட்டையின் கீழ், தொடை இடுக்கு ஆகிய இடங்களை விரலால் தொட்டுப் பாருங்கள். கடலில் குளித்து வந்தால் நல்ல நீரில் உப்பை அலசிவிட வேண்டும். நமக்கான சோப்பு நாயின் தோலுக்கு ஒத்ததன்று. உள்மயிர் உதிரும் காலத்தில் தினமும் வாரி எடுங்கள். கோடைக்கு இதமாக இருக்கட்டும் என்று உடம்பு முழுவதையும் மழிப்பவர்கள் உண்டு. அது சரியன்று. ரோமப் போர்வை வெயிலையும் தடுக்கிறது. இரட்டை மயிர் இனங்களில் சிலவற்றுக்கு மழித்த மயிர் பழையபடி வளர்வதுமில்லை. நாய் உடலைக் குளிர்விப்பது முக்கியமாக இரைப்பால், வியர்வையால் அன்று.

தெள்ளைப் பற்றி ஒரு செய்தியைத் தெரிந்துகொண்டால் பாதிப் போர் முடிந்தது. நாயின் மேல் நீங்கள் காணும் பூச்சிகள் மொத்தத்தில் மிகச் சிறு பகுதியே. பெண் தெள்ளு நாளொன்றுக்கு 40, 50 முட்டைகள்கூட இடும். அவை வழுவழுப்பானவை, நாய் படுக்கும் சாக்கிலும் தரை விரிசலிலும் உதிர்ந்துவிடும். அங்கே புழுவாகி, மேலிருந்து உதிரும் தெள்ளின் எச்சத்தைத் தின்று, கூடு கட்டி, மூன்று நான்கு வாரங்களில் பூச்சியாகி மறுபடி நாயின் மேல் தாவும். கூட்டுக்குள் மாதக்கணக்கில் காத்திருக்கவும் அதற்குத் தெரியும். ஆகவே நாய்க்கு மட்டும் மருந்து போட்டுவிட்டுச் சாக்கை மறந்தால் பயனில்லை. நல்ல வேளையாக, அந்தப் புழுக்கள் வறட்சியையும் நேர் வெயிலையும் தாங்காதவை. வாரம் ஒருமுறை படுக்கையை வெந்நீரில் துவைத்து உச்சி வெயிலில் காயப்போடுங்கள். மூலை முடுக்குகளைக் கூட்டிக் குப்பையை வெளியே எறியுங்கள். வீட்டில் இரண்டு நாயும் ஒரு பூனையும் இருந்தால் மூன்றுக்கும் ஒரே காலத்தில் மருந்து வேண்டும். ஒன்றை விட்டால் அதுவே விதை நெல்லாகிவிடும்.

மருந்துகளில் ஃபிப்ரோனில் சொட்டு மருந்து கழுத்தின் பின்புறத் தோலில் விடுவது. ஃப்ளூராலனர், அஃபாக்ஸோலனர் முதலிய மாத்திரைகள் 2013, 2014-ஆம் ஆண்டுகளில் வெளிநாடுகளில் புழக்கத்துக்கு வந்தவை, மிகுந்த பலனுள்ளவை. சில நாய்களுக்கு இவற்றால் வலிப்பு வரக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2018-இல் எச்சரித்தது. ஆகவே வலிப்பு வந்த நாய் என்றால் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்தைப் பூனைக்கு ஒருபோதும் போடாதீர்கள். பூனையின் ஈரலால் அதைச் சிதைக்க முடியாது, உயிருக்கே ஆபத்து. மருந்து போட்ட நாயோடு பூனை ஒட்டிப் படுப்பதையும், சொட்டு நன்றாகக் காயும்வரை, தடுக்க வேண்டும்.

மருத்துவமனைக்குப் போகும்போது ஒரு தாளில் சிலவற்றைக் குறித்துக்கொண்டு போங்கள்: புண்ணை முதலில் கண்ட நேரம், முன்பு எந்த மாதங்களில் எந்த இடத்தில் வந்தது, கடைசியாகக் குளித்த நாள், தெள்ளு மருந்து கொடுத்த தேதி, அண்மையில் உணவு மாறியதா என்பது, இதுவரை எதையெல்லாம் தடவினீர்கள் என்பது. கடைசியாகச் சொன்னதைக் கூசாமல் சொல்ல வேண்டும். என்ஜின் எண்ணெய் தடவியது தெரிந்தால்தான் மருத்துவர் முதலில் அதைக் கழுவியெடுப்பார்.